ஏழு இருபது வண்டி

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. ஓட்டுநர், நடத்துனர், பழக்கடைக்காரர், தரை கூட்டும் அம்மா, எல்லாருக்கும் அவள் கடிகாரக்காதான். வேலை, நேரக் காப்பாளர். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாத ஓர் அறை. அதில் ஒரு ஜன்னல், ஒரு மைக், கோடு போட்ட பெரிய பதிவேடு. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே எந்த வண்டியைக் கடக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். எழுப்பியதற்குத் திட்டும் விழும், அது வேறு விஷயம்.

புருஷன் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் போனபிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை இது. அப்போது மகளுக்கு மூன்று வயது. கூடவே பள்ளிக்கூடம் போகிற தம்பி. மூன்று வயிற்றையும் அந்த ஜன்னல்தான் காப்பாற்றியது. மகள் படித்து வெளியூரில் நர்ஸ் ஆகிவிட்டாள். தம்பி ஓட்டுநராகி, கல்யாணம் கட்டி, அக்காவின் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறான். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும் அவளை விட்டு ஒரு நாளும் போனதில்லை. மேலாளர் போனில் கூப்பிட்டார் என்றாலே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் எடுப்பாள்.

இனி அந்த மலைப்பாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அணைக்கட்டுத் துறை போட்ட பாதை அது. கீழே கேட், மேலே உச்சி ஊர், நடுவில் இருபது நிமிஷ ஏற்றம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். ஒரு வண்டி போகத்தான் அகலம். பஸ்ஸையும் துறை ஜீப்பையும் தவிர வேறு எதையும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். உச்சியில் இரவு தங்கும் வண்டி ஒன்று உண்டு. காலையில் ஏழு மணி வண்டி ஏழு ஐம்பதுக்கு மேலே வந்து சேரும். இரவு தங்கிய வண்டியின் ஓட்டுநர் இன்ஜினைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர் கையைத் தூக்குவார், இருந்தவர் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். வந்தவர் நேராக டீக்கடைக்குள் போய்விடுவார். சரியாக ஏழு ஐம்பத்தைந்துக்கு அந்த வண்டி இறங்கும். எதிரே ஒன்றும் வராது என்று தெரிவதால் தைரியமாக இறங்கும். ஒரு வண்டி ஏறினால் ஒரு வண்டி இறங்கும். எத்தனையோ வருஷமாக அதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில்தான் கை வைத்தார்கள். உச்சியில் புது ஆஸ்பத்திரி திறந்ததால், திங்கட்கிழமை முதல் காலை ஏழு இருபதுக்கு இன்னொரு வண்டியும் மேலே போகவேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானம் சுற்றறிக்கை வந்தது. ஆகவே இரவு தங்கும் வண்டி, இரண்டாவது வண்டியும் வந்து சேர்ந்த பிறகு, எட்டேகாலுக்குத்தான் இறங்க வேண்டும். இதை ஒவ்வொரு ஓட்டுநருக்கும் வாயால் சொல்லி, ஜன்னலில் கையெழுத்து வாங்குவது கடிகாரக்காவின் பொறுப்பு. நடத்துனரிடம் கையெழுத்துக் கேட்கும் வழக்கமில்லை. ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்குத் தெரிந்தால் போதும் என்பது அங்கே ஒரு நியாயம்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி மட்டும் வரவில்லை. வரமாட்டான், ஏனென்றால் அவன் மூன்று நாளாக அக்காவிடம் பேசவில்லை. இரவு தங்கல் வேண்டாம், பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, வேறு ஆளைப் போடு என்று கேட்டிருந்தான். அவள் போடவில்லை.

"தம்பிக்குச் சலுகை காட்டுறாள்னு நாலு பேர் சொல்லுவாங்கடா" என்றாள்.

"நாலு பேர் வந்தா உன் தம்பி பொண்டாட்டிக்கு மருந்து குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறியவன்தான். அப்புறம் கீழே இறங்கினாலும் அவள் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் படிவத்தை மேலாளருக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு கட்டம் காலி. வீட்டில்தானே இருக்கிறான், ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று அவளே அவன் கையெழுத்தைப் போட்டாள். சலுகை காட்டமாட்டேன் என்று நியாயம் பேசினவள், இதை ஒரு சலுகையாகக்கூட நினைக்கவில்லை. அவன் பத்தாம் வகுப்பு ரேங்க் கார்டிலிருந்து அவனுக்காகக் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அது.

வீட்டுக்கு வந்தாள். அவன் கதவைச் சாத்தியிருந்தான். நீயா நானா பார்த்துவிடலாம் என்று இவளும் சாப்பிட்டுப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடியில் காலடிச் சத்தம் கேட்டதே தவிர, ஆள் இறங்கவில்லை. சாயங்காலம் அவன் ஜன்னல் பக்கம் வராமல் நேராக வண்டியில் ஏறி உச்சிக்குப் போய்விட்டான். அவளுக்கு வந்த கோபத்தில் சுற்றறிக்கை சுத்தமாக மறந்தே போனது.

திங்கட்கிழமை காலை ஏழு மணி வண்டி போயிற்று. ஏழு இருபது வண்டியை அவளே மைக்கில் கூவி அனுப்பினாள். முதல் நாளே உட்கார இடமில்லாத கூட்டம். அப்புறம் கொஞ்சம் ஓய்வு. சுற்றறிக்கையின் நகலைக் கோப்பில் சேர்க்கலாம் என்று எடுத்தாள். கடைசிக் கட்டத்தில் தம்பியின் கையெழுத்து. அச்சு அசலாக அவனே போட்டது மாதிரி இருக்கிறதே என்று ஒரு நொடி சந்தோஷம்கூடப் பட்டாள், பாவி. அடுத்த நொடிதான் உறைத்தது. அவனுக்குச் சொல்லவே இல்லையே.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நாற்பத்தாறு.

இன்னும் நாலு நிமிஷத்தில் ஏழு இருபது வண்டி கேட்டைத் தாண்டும். இன்னும் ஒன்பது நிமிஷத்தில் தம்பி இறங்குவான். நடுப்பாதையில் இரண்டும் முட்டும். தம்பியின் நம்பரை அழுத்தினாள். உச்சியில் டவர் கிடையாது என்பது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஏழு இருபது வண்டியின் நடத்துனரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கூட்டத்தில் டிக்கெட் கிழிப்பானா, போனை எடுப்பானா? மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அவனும் எல்லைக்கு வெளியே போய்விட்டான்.

இன்னொரு வழி இருந்தது. அது முதல் நொடியிலிருந்தே அவளுக்குத் தெரியும். அணைக்கட்டு அலுவலகத்தில் வயர்லெஸ் உண்டு. கேட்டிலும் ஒன்று, உச்சியிலும் ஒன்று. அவர்களிடம் பேச மேலாளரால்தான் முடியும். மேலாளரிடம் பேசினால், ஏன் என்று கேட்பார். உன் தம்பிதான் கையெழுத்துப் போட்டிருக்கிறானே, அப்புறம் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பார்.

அவள் மறுபடி தம்பியின் நம்பரை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. நடத்துனரை. தம்பியை. எப்படியாவது ஒருத்தன் எடுத்துவிட்டால் போதும், வெளியே ஒருத்தருக்கும் தெரியவேண்டாம் என்று வேண்டிக்கொண்டே அழுத்தினாள். விரல் தவறி இரண்டு தடவை மகளுக்குப் போயிற்று. ஜன்னலில் ஒருவர் வந்து ஆஸ்பத்திரி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவள் அவரைப் பேயறைந்தவள் மாதிரி பார்த்தாள். அவர் பயந்துபோய் நகர்ந்துவிட்டார்.

ஏழு ஐம்பத்துநாலுக்கு மேலாளரைக் கூப்பிட்டாள்.

"சார், தம்பிக்குப் புது டைம் தெரியாது. கையெழுத்து நான் போட்டது. இப்ப இறங்கிடுவான் சார். ஏழு இருபது வண்டி ஏறுது."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு எப்பம்மா ஞாபகம் வந்துச்சு?"

"இப்பத்தான் சார்" என்றாள்.

மேலாளர் கெட்டிக்காரர், வார்த்தையை வீணாக்காமல் போனை வைத்தார். மூன்றே நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். கேட்டில் கேட்டதற்கு வண்டி போய் ஏழு நிமிஷம் ஆயிற்று என்றார்களாம். உச்சியில் கேட்டதற்கு, இதோ இப்போதுதான் திருப்பத்தில் மறைந்தது என்றார்களாம். "இனி நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

அதற்கப்புறம் இருபத்தைந்து நிமிஷம் ஒரு தகவலும் இல்லை. எட்டு மணி வண்டிகள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே கிளம்பிப் போயின. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். தம்பி பொண்டாட்டி காய்ச்சலோடு மாடியில் படுத்திருப்பது கண்முன் வந்தது. அவளிடம் எந்த வாயால் சொல்வது? ஏழு இருபது வண்டியில் நின்றுகொண்டு போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஏறுங்க, உள்ள தள்ளி ஏறுங்க, இடம் இருக்கு என்று மைக்கில் கூவியது இவள்தானே.

எட்டு இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது. எடுக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. தரை கூட்டும் அம்மாதான் எடுத்து அவள் காதில் வைத்தாள். மறுமுனையில் மேலாளர்.

மூன்றாவது வளைவில் இரண்டு வண்டியும் நேருக்கு நேர் வந்திருக்கின்றன. தம்பி ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்துவிட்டான். முன்பக்கம் பாறையில் மோதி நின்றது. பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய், ஒரு சக்கரம் பள்ளத்துப் பக்கம் அந்தரத்தில் தொங்கியது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லையாம். வயதான ஒருவருக்குக் கை முறிந்தது. தம்பிக்கு நெற்றியில் அடி. உயிர்ச்சேதம் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மா முதுகைத் தடவிக்கொடுத்து, "அழு தாயி, அழுதுடு" என்றாள்.

பதினொரு மணிக்கு மேலாளர் நேரில் வந்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நடந்ததை எழுதிக் குடுங்கம்மா. கையெழுத்துப் போட்டது தப்புதான், மறைக்க முடியாது. ஆனா ஞாபகம் வந்த உடனே சொல்லிட்டீங்க. அதை மறக்காம எழுதுங்க. அதுதான் உங்களைக் காப்பாத்தும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அவள் எழுதினாள். ஏழு ஐம்பத்துநாலுக்கு ஞாபகம் வந்தது, உடனே தெரிவித்தேன் என்று எழுதினாள். ஒரு வரிதான், ஆனால் அதை எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அப்போதுதான் தம்பி வந்தான். தலையில் கட்டு, சட்டை முழுக்க மண். ஐந்து நாளாக எட்டிப் பார்க்காத ஜன்னலில் வந்து நின்றான். அவள் எழுந்து கம்பிக்குள் கையை விட்டு அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"ரொம்ப வலிக்குதாடா?"

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். மலையிலிருந்து இறங்கி டவர் கிடைத்ததும் வந்து குவிந்த செய்திகள். அக்கா அழைத்தது, ஏழு நாற்பத்தேழு. அக்கா அழைத்தது, ஏழு நாற்பத்தொன்பது. ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு.

"வயர்லெஸ்காரங்களுக்கு ஏழு அம்பத்தஞ்சுக்குத்தான் சொன்னாங்களாமே" என்றான். "நடுவுல என்னக்கா பண்ணிக்கிட்டு இருந்தே?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சாருக்கு லைன் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். நம்புவான். அவள் சொன்னால் எதையும் நம்புகிறவன்தான்.

"சார்கிட்ட சொல்லப் பயந்துட்டேன்டா" என்றாள். "வேலை போயிடும்னு."

அவன் போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கோபமும் இல்லை. ரொம்பக் களைத்திருந்தான்.

"பின்னாடி சீட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சுக்கா, கைக்குழந்தையோட" என்றான். "வண்டி ஆடிக்கிட்டே இருக்கு. யாரும் அசையாதீங்கன்னு நான் கத்துறேன். அந்தப் பொண்ணு குழந்தையைப் பாறைப் பக்கத்து ஜன்னல் வழியா வெளியில நீட்டிப் புடிச்சிருந்துச்சு. வாங்கிக்க அங்க யாருமே இல்ல. ஆனாலும் நீட்டிக்கிட்டே இருந்துச்சு."

மேலாளர் உள்ளே வந்து, எழுதி ஆயிற்றா என்று கேட்டார்.

"இல்ல சார், இன்னும் ஒரு வரி இருக்கு" என்று அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஏழு ஐம்பத்துநாலையும் உடனே என்பதையும் அடித்துவிட்டு, ஏழு நாற்பத்தாறு என்று எழுதினாள்.