லூனாஸ் கொட்டகையில் இலவசப் படம்

மொட்டையா,

புக்கிட் செலம்பாவ் கருப்பண்ணன் சயாமில் சப்பான்காரன் போட்ட ரயில் ரோட்டு வேலையிலிருந்து நேற்று திரும்பி வந்து நம் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். காலில் புண்ணைச் சுற்றிச் சாக்குத் துணி. கஞ்சி கொடுத்தேன், தொடவில்லை. "தங்கச்சி, ஒந் தம்பி வரமாட்டான்மா. காலரா. ரயில் ரோட்டுப் பக்கத்துல நாந்தான் நெருப்பு வெச்சேன்" என்றார். என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

தோட்டத்து லயத்து ஜனங்களே, என் தம்பி மொட்டையை உங்களுக்கெல்லாம் தெரியும். வேண்டுதலுக்கு முடியெடுத்தபோது நான் கூப்பிட ஆரம்பித்த பெயர் அது. முடி வளர்ந்து மீசையும் வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன்தான். ஆனால் மாரியம்மன் திருவிழாவில் அவன்தானே நமக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றும் கங்காணி!

நம் தாத்தாமார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய கதையை வருடா வருடம் நடிப்போமே, அதில் மாட்டுவண்டிதான் கப்பல். மொட்டை ஒவ்வொருவனாகப் பெயர் சொல்லி, கையைப் பிடித்துச் சதையை அமுக்கிப் பார்த்து ஏற்றுவான். "ஏறுடா! மரத்தடியில தோண்டுனா தங்கம்டா அங்க!" பெண்கள் கரையில் நின்று மாரில் அடித்துக்கொண்டு மண்ணை வாரித் தூற்ற வேண்டும். ஒருமுறை அஞ்சலைக் கிழவி நிசமாகவே அழுதுவிட்டாள். "ஏ ஆயா, எல்லாத்தையும் இப்பவே அழுது தீத்துராத, அடுத்த வருசத்துக்கு மிச்சம் வை" என்றான். வண்டி கோயிலைச் சுற்றி மறுபக்கம் வந்து நின்றால் அதுதான் மலாயா. நாங்கள் ஓடிப்போய்ச் சிரித்துக்கொண்டே அவர்களை இறக்குவோம்.

சப்பான்காரன் காலத்தில் திருவிழா நின்றுபோனது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த நமக்கு, லூனாஸ் கொட்டகையில் இலவசப் படம் என்றதும் கால் நிற்கவில்லை. தோட்டமே நடந்து போனது. படத்தில் கப்பலும் பட்டாளமும்தான், ஒரு வார்த்தை புரியவில்லை. மொட்டைதான் தமிழில் பேசினான். தொப்பி போட்டவன் வாயைத் திறந்தபோதெல்லாம், "யக்கா, இவனுக்கும் கெழங்குதான் போல, மொகத்தப் பாரு" என்றான். எத்தனை நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தோம்!

படம் முடியும் முன்பே விளக்கைப் போட்டார்கள். பெண்களை ஒரு கதவு வழியாக அனுப்பினார்கள். ஆண்களை இன்னொரு கதவு வழியாக நேரே லாரிக்கு ஓட்டினார்கள். ஊருக்குள் ஏதோ வேலை என்றார்கள். அப்போது மொட்டை லாரியில் நின்றுகொண்டு, "வாடா முனியா! ஏறுடா சின்னையா! தங்கம்டா அங்க!" என்று ஆரம்பித்தான்.

நாங்கள் என்ன செய்தோம்? மாரில் அடித்துக்கொண்டோம். மண்ணை வாரித் தூற்றினோம். ஆமாம், சிரித்துக்கொண்டேதான். பக்கத்தில் நின்ற சீனக் கடைக்காரர் எங்களைப் பைத்தியம் என்று பார்த்தார். லாரி சந்தைப் பக்கம் திரும்பியதும், வழக்கம்போல மறுபக்கம் போய் நின்றோம், இறக்குவதற்கு.

அந்தத் தெருவில் எந்த வண்டியும் வரவில்லை. இருட்டியதும் அஞ்சலைக் கிழவிதான் முதலில் கீழே உட்கார்ந்தாள்.

லாரி கிளம்பும்போது அவன் தன் தோள்துண்டை உருவி என்னிடம் எறிந்தான். அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. இன்னும் துவைக்கவில்லை. நாடகத்தில் எந்தக் கங்காணியும் துண்டை எறிந்ததில்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

மொட்டையா, எல்லாம் தெரிந்துதான் எங்களைச் சிரிக்க வைத்தாயா?