பின்தொடர வேண்டாம்

போன வாரம் மேலப்பாளையத்தில் காதர் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரிக் காலத்து நண்பர். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி ஜைனம்பு டீயை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். வழக்கமாக என் வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பவர்.

"நாலு நாளா இப்படித்தான் வே" என்றார் காதர்.

காரணம் ஒரு விளம்பரம்.

சவரம் செய்யும்போது காதருக்குக் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. டாக்டர், ஊசியால் சதையெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மனைவியிடம் காதர் சொல்லவில்லை. ஜைனம்புவின் அண்ணன் புற்றுநோயில் இறந்தவர். முடிவு வரட்டும், அதற்குள் பயமுறுத்துவானேன் என்று நினைத்திருக்கிறார்.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? வீட்டு டேப்லெட்டில் கட்டியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தார். விவரமான மனிதர் வேறு. பிரவுசர் செட்டிங்ஸில் 'என்னைப் பின்தொடர வேண்டாம்' என்று தளங்களுக்குச் சொல்லும் வசதி ஒன்று உண்டு — அதை ஆன் செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். பார்த்த பக்கங்களின் பட்டியலையும் அழித்துவிட்டார்.

மறுநாள் ஜைனம்பு அதே டேப்லெட்டில் மீன் குழம்புக்குச் செய்முறை தேடினார். புளிக்கரைசலுக்கும் தாளிப்புக்கும் நடுவே ஒரு விளம்பரம். 'கழுத்தில் கட்டியா? புற்றுநோயாக இருக்கலாம்.' வேறு தளத்துக்குப் போனால்... அங்கேயும் அதே.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரின் கழுத்தைப் பார்த்திருக்கிறார். கட்டி தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

"வேண்டாம்னு சொல்லிட்டுத்தான வே உள்ள போனேன்? பொறவு எப்படி?" என்று காதர் கேட்டார்.

அவர் படித்த மருத்துவத் தளத்தின் தனியுரிமைக் கொள்கையைத் திறந்தோம். நீளமோ நீளம். கடைசிப் பகுதியில் ஒரு வரி — பின்தொடர வேண்டாம் என்ற கோரிக்கைகளுக்கு எங்கள் தளம் தற்போது பதிலளிப்பதில்லை. வேறு சில தளங்களையும் பார்த்தோம். சிலவற்றில் அதே வரி. சிலவற்றில் அந்தப் பேச்சே இல்லை.

அந்தப் பட்டன் செய்வது ஒரு வேண்டுகோள் மட்டும்தான். அது தளத்துக்குப் போய்ச் சேர்கிறது. மதிப்பதும் விடுவதும் பெரும்பாலும் அவர்கள் இஷ்டம். வெளிநாடுகளில் சில இடங்களில், இதைப் போன்ற புதிய கோரிக்கை ஒன்றை மதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களில்? அவர்களுடைய நல்ல மனசுதான்.

நாம் எதைப் பார்த்தோம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் டேப்லெட்டில் போட்டுவைக்கும் குக்கீகளை நான் அழித்து, வெளித்தளங்களின் குக்கீகளைத் தடுத்துக் கொடுத்தேன். கேட்டுப் பார்ப்பதைவிட இது கொஞ்சம் உறுதியான வழி.

கதவருகே ஜைனம்பு நின்றிருந்தார்.

"அத விடுங்க அண்ணாச்சி. எவன் எவனுக்கோ தெரிஞ்சிருக்கு. கூட இருக்க எனக்குத் தெரியல."

"நீ பயப்படுவியேன்னுதான்..." என்றார் காதர்.

"எங்க அண்ணனும் இப்படித்தான் மறைச்சாவ. கடைசியிலதான் எங்களுக்குத் தெரியும்."

காதர் தலை குனிந்துகொண்டார்.

முந்தாநாள் சோதனை முடிவு வந்துவிட்டது. தைராய்டு வீக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று காதர் போனில் சொன்னார். சோதனைக்கு ஜைனம்புவும் கூடவே போயிருக்கிறார். வர வேண்டாம் என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம்.

நல்லவேளை, அந்த வேண்டுகோளையும் யாரும் மதிக்கவில்லை.