முப்பத்தொன்றில் ஒன்று

கம்ப்யூட்டரில் எந்த வேலையைத் தொடும் முன்னும் நஸ்மியா முதலில் அதில் ஒரு நகல் எடுத்து வைக்கிறாள். அதற்கு ‘உம்மா வீடு’ என்று பெயர் போடுகிறாள். பிஸ்மி சொல்லி, மூக்குக் கண்ணாடியை ஷோல் நுனியால் துடைத்துப் போட்ட பிறகுதான் வேலையில் கை வைப்பாள். பதினோரு வருஷமாக இதே ஒழுங்கு. “கட்டிக் குடுத்த எடத்துல கரச்சல் வந்தா, திரும்பிப் போக ஒரு எடம் வேணுமே” என்பாள், சிரிக்காமல். அவளே ஒரு தரம் அப்படித் திரும்பி வந்தவள்தான்.

ஆள் யாரென்றால், மாத்தளையில் நூலும் பொத்தானும் விற்ற முத்தலிப் நானாவின் நடு மகள். முத்தலிப் நானாவின் தாயும் உக்குவளைப் புஹாரியின் வாப்பாவும் கூடப் பிறந்தவர்கள். அந்த மச்சான் உறவில்தான் புஹாரியின் மூத்த மகனுக்கு இவளைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. அதே புஹாரியின் கடைசி மகள் ஹிதாயா, இன்றைக்கு இவளோடு ஒரே கந்தோரில் வேலை. அன்று “மதினி, மதினி” என்று வால் பிடித்துத் திரிந்தவள், இப்போது “மிஸ்” என்கிறாள். இவளும் அதைத் திருத்தப் போவதில்லை.

அலுவிகாரையில், மிளகு வாங்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் கந்தோர். தம்புள்ளைக்கு வரும் மரக்கறியை நிறுக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதுவது இவர்கள்தான். செய்கிற ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயரோடு ஒரு கொமிட்டாகப் பதிவாகும். ஒருவர் ஒரு புது வேலை தொடங்கினால் எல்லோருக்கும் பொதுவான மூலக்கிளையிலிருந்து தனக்கென்று ஒரு கிளை பிரித்துக்கொள்வார். அவர் முடிக்கிறதுக்குள் மூலக்கிளை வளர்ந்துவிடும். அப்போது அவருடைய கொமிட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வளர்ந்த இடத்தின் மேல் வரிசை குலையாமல் மறுபடி வைக்க வேண்டும். அதை றீபேஸ் என்பார்கள். நஸ்மியாவை மிஞ்ச அந்த மாடியில் ஆளில்லை.

ஹிதாயாவுக்குக் குறித்த நாளுக்கு இருபது நாள் முந்தியே பிள்ளை பிறந்துவிட்டது. முப்பத்தொரு கொமிட் அவள் கிளையில் அப்படியே கிடந்தது, அதை றீபேஸ் செய்கிற வேலை நஸ்மியாவிடம் வந்தது. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து, யார் என்ன செய்தார்கள் என்று பதிவைப் பார்த்துத்தான் அவளுடைய வேலையை நீட்டுவதா நிறுத்துவதா என்று முடிவு சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கழிந்ததும் பவித்ரன் வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கந்தோருக்குப் பொறுப்பானவர். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த குடும்பம்.

“ஏன் மிஸ் மினக்கெடுறீங்கள்? முப்பத்தொண்டையும் ஒண்டாக் கட்டிப் போடுங்கோவன்.”

“கட்டினா என்ட பேருல விழும் சேர். பெத்தவ ஒருத்தி, பேரு வைக்கிறது இன்னொருத்தியா?”

“உங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும்...”

“அது வீட்டுக் கத. இது கந்தோர்.”

அடுத்த ஆளின் கிளையில் கை வைக்கும் முன் உரியவரிடம் கேட்பதும் அவள் பழக்கம். போன் எடுத்தாள். பின்னால் பிள்ளை அழுதது. “செய்ங்க மிஸ்” என்றாள் ஹிதாயா. உடனே போனை வைத்தாள்.

நாலாவது கொமிட்டில் றீபேஸ் நின்றது. ஒரே வரியை இரண்டு பேரும் மாற்றியிருந்தார்கள். திரையில் விரல் வைத்து, “இது நான் எழுதின. இது அவ எழுதின” என்று முணுமுணுத்தாள். ஹிதாயாவுடையது சுருக்கமாயிருந்தது. தன்னுடையதை அழித்தாள். ஒன்பதாவதிலும் நின்றது, அங்கே தன்னுடையதை வைத்தாள். பிளேன்டீ ஆறிப்போய், கடித்து வைத்த கித்துள் கருப்பட்டியில் எறும்பு வந்துவிட்டது.

முடிந்ததும் எண்ணினாள். முப்பது.

மறுபடி எண்ணினாள். முப்பதுதான். ஒரு வேலை ஏற்கெனவே மூலக்கிளையில் எழுத்துப் பிசகாமல் இருந்தால் கம்ப்யூட்டர் அதைத் திரும்ப வைக்காது, தாண்டிப் போய்விடும். எதைத் தாண்டியது என்று பார்த்தாள். நனைந்த சாக்கின் எடையை இரண்டு தரம் கழிக்கிற பிழையைத் திருத்திய கொமிட். ஹிதாயா ஆஸ்பத்திரியில் இருந்த அன்று மழை. தம்புள்ளையிலிருந்து ஆட்கள் போனில் கத்தினார்கள். அவள் கிளையில் கிடந்த நாலு வரியைப் பார்த்து அப்படியே தட்டி மூலக்கிளையில் போட்டது நஸ்மியாதான், தன் பெயரில். வியாபாரிகள் வாய்நிறையப் பாராட்டினார்கள். திங்கட்கிழமை வருகிறவர்கள் முதலில் தேடப்போவதும் அதைத்தான்.

“அல்லாஹ்வே” என்றாள்.

மூலக்கிளை எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்த ஒன்று. அதில் நடந்ததை நடக்காததாக மாற்றி எழுதக் கூடாது என்று அந்த மாடியில் சட்டம் வைத்தவளும் இவள்தான். ஒளிக்க வழியில்லை, ஹிதாயாவின் பெயர் வரவேண்டுமானால் தன்னுடையதை எல்லோரும் பார்க்கத்தான் எடுக்க வேண்டும்.

தன்னுடைய நாலு வரியை நீக்கி, காரணம் எழுதும் இடத்தில், ‘இது ஹிதாயா எழுதியது, நான் பார்த்து எழுதியதை எடுத்துவிட்டேன்’ என்று எழுதினாள்.

பவித்ரன் குனிந்து படித்தார். “மிஸ், உது பதிவில நெடுக இருக்குமே.”

“இருக்கட்டும் சேர். அதுக்குத்தானே பதிவு.”

உம்மா வீட்டுக்குள் போய், விடுபட்ட அந்த ஒன்றை எடுத்து வந்து மேலே வைத்தாள். ஒவ்வொரு பெயராகத் திரையைத் தொட்டு எண்ணினாள். முப்பத்தொன்றில் விரல் நின்றது. ஹிதாயாவின் பெயர் மேல் கருப்பட்டிப் பிசுக்கோடு விரல் தடம் பதிந்திருந்தது. ஷோல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, அந்த ஒரு பெயரை மட்டும் தெளிவாகத் தெரியும்வரை துடைத்தாள்.