மூன்றாம் நம்பரும் பதினோராம் நம்பரும்

வெல்டிங்காரனுக்கு முதலில் போவது கண் என்பார்கள். ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு கான்ட்ராக்ட்டுக்குக் காத்திருந்த வெல்டிங்காரனுக்கு முதலில் போனது தூக்கம். எண்பதுகளில் தாம்பரம் பக்கம் ஏஜென்ட் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து தேய்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பாதி உங்கள் கதையாகவே இருக்கும். மீதிப் பாதி நான் செய்த தப்பு.

பீரோவுக்குள் போனது

பம்மலில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே ஒரு பட்டறையில் பைப் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். வளைகுடாவில் எண்ணெய் லைன் போடும் கம்பெனிக்கு இரண்டு வருஷ கான்ட்ராக்ட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மாடியில் இருந்த ஏஜென்டிடம் போனேன். அவர் முதலில் கேட்டது பாஸ்போர்ட்டை. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, பின்னால் இருந்த பச்சை பீரோவில் போட்டுப் பூட்டினார். ரசீது எதுவும் தரவில்லை.

எட்டு மாசம் வாரம் தவறாமல் போனேன். போனதும் முதலில் அந்த பீரோ பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் துணிந்து, பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் டீயைக் கீழே வைக்காமலே சொன்னார்: "உன்ன விட பத்திரமா கீது."

எல்லாம் ஒரே கை

கம்பெனி இன்ஜினியர் வந்து பம்மலிலேயே டெஸ்ட் வைத்தார். பைப்பைச் சாய்வாக நிறுத்திவிடுவார்கள். சுற்றிலும் வெல்டு வைக்க வேண்டும், பிறகு உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார்கள். எனக்கு மூன்றாம் நம்பர். வேலை சுத்தமாக வந்தது. வெளியே வந்ததும் ஏஜென்ட் என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். ஏழாம் நம்பருக்கும் பதினோராம் நம்பருக்கும் பதிலாக நானே உட்கார வேண்டுமாம். முகத்தை மூடும் ஷீல்டு போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. உட்கார்ந்தேன்.

பதினோராம் நம்பர், சேலையூர் ஏழுமலை. கிரில் கேட்டுகளுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நான் வெல்டு வைக்கும்போது இன்ஜினியர் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தை மறைத்தேனே தவிர கையை மறைக்க முடியுமா? நான் பிறவி இடது கைக்காரன். "மூணு, ஏழு, இப்ப இவரும். எல்லாருமே லெஃப்ட் ஹேண்டா?" என்றார் இன்ஜினியர். ஏஜென்ட் கொஞ்சமும் அசரவில்லை. "பம்மல் தண்ணி சார். தோல்ஷாப்பு தண்ணி குடிச்சா அப்பிடித்தான்."

பிளேன் சத்தம்

ஒரு மாசத்தில் ஏழும் பதினொன்றும் பிளேன் ஏறின. மூன்று மட்டும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தது. வேறு கம்பெனிகள் டெஸ்ட்டுக்கு வந்தன. மேலும் ஆறு பேருக்கு உட்கார்ந்தேன். மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானம் பம்மலைத் தாண்டும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். நான் மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே போகிறவன் எவனோ, அவன் போய் வைக்கப்போகும் வெல்டுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவன் எவனோ.

நன்றாக வெல்டு வைக்கிற என்னை மட்டும் ஏன் அனுப்பவில்லை என்று, ஏஜென்ட் ஆபீஸில் டைப் அடிக்கும் மேரி அக்காவிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ போயிட்டா டெஸ்ட்டுக்கு யாருப்பா உக்காருவா?"

பீரோ திறந்த நாள்

பழைய இன்ஜினியர் மறுபடி வருவதாகக் கடிதம் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொருவரையும் ஷீல்டைத் தூக்கச் சொல்லி, போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போவதாக எழுதியிருந்தார். ஏஜென்ட் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் நிஜமாகவே பாஸ் செய்த மூன்றாம் நம்பர் ரிசல்ட்டை ஃபைலிலிருந்து தேடி எடுத்து, அந்தக் கம்பெனிக்கே என் விசாவுக்கு ஏற்பாடு செய்தார். பீரோ திறந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவரே பயப்படுகிறார் என்றால் நான் எவ்வளவு பயப்பட வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டேன். "சீக்கிரம் கெளம்பு வெல்டரே. நீ ஊர்ல கீறவரிக்கும் எனக்கு ஜொரம்தான்."

தண்ணீர் டெஸ்ட்

வளைகுடாவில், போட்டு முடித்த லைனில் தண்ணீரை அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஜாயிண்ட் விட்டுப்போனால் பக்கத்தில் நிற்கிறவனை அள்ளித்தான் எடுக்க வேண்டும். போர்மேன் என்னை ஒரு ஜாயிண்டைப் பார்த்துக்கொள்ள நிறுத்தினார். பைப்பின் மேல் அதைப் போட்ட வெல்டரின் டெஸ்ட் நம்பர் எழுதியிருந்தது. பதினொன்று.

பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது. மீட்டரில் முள் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி ஏழுமலை நின்றான், கொஞ்சம் சதை போட்டிருந்தான். "எங்கடா வெல்டிங் கத்துக்கிட்ட?" என்றேன். "இங்க வந்துதாண்ணா, பார்த்துப் பார்த்து" என்றான். ஓடினால் அவனுக்காக நான் உட்கார்ந்தது எல்லாருக்கும் தெரிந்துவிடும், நின்றால் உயிர் நிச்சயமில்லை. நின்றேன். அவன் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு ரொம்பப் பிரியமாகச் சொன்னான்: "இன்னாத்துக்குண்ணா நடுங்குற? நான் நீ பாஸ் பண்ணி வுட்ட வெல்டரு."

அன்றைக்கு ஜாயிண்ட் தாங்கிவிட்டது, ஆனால் ஊருக்குத் திரும்பியதும் ஏஜென்டை நாலு பேர் மத்தியில் திட்ட வேண்டும் என்று நான் எட்டு மாசமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அதற்கப்புறம் என் வாயிலிருந்து வரவில்லை.