யானைக்கு ஓர் அறிவித்தல்

வாகனத்தின் சைலன்சரை மாற்றுவதானால், மாற்றுவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மாற்றிய பிறகு அல்ல. எத்தனையாம் பிரிவு, எந்த உபபிரிவு என்றெல்லாம் எழுதப் போனால் இந்தப் பத்தியில் பாதி அதற்கே சரியாகிவிடும். சட்டம் இருக்கிறது — அவ்வளவு போதும்.

எங்கள் வீடுகள் இருக்கும் ஒழுங்கையில் அந்தச் சட்டம் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு மீறப்பட்டது.

தேநீரை அப்போதுதான் வாய்க்குக் கொண்டு போயிருந்தேன். யன்னல் கண்ணாடி நடுங்கியது. வேலியில் இருந்த காகங்கள் எங்கள் ஊர் ஆரையம்பதியே வேண்டாமென்று பறந்துவிட்டன. எட்டிப் பார்த்தால், இரண்டு வீடு தள்ளி இருக்கும் செல்வராணியின் பிக்கப்! பின் பம்பருக்குக் கீழே புதிதாக இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றும் என் கை அளவு தடிப்பு.

செல்வராணிக்குத் தயிர் வியாபாரம். விடியற்காலையில் மண்முனைப் பாலம் தாண்டி வாவிக்கு அப்பால் இருக்கும் படுவான்கரைக்குப் போய், மாட்டுப்பட்டிகளில் பால் எடுத்து வருவார். கணவர் அதை வீட்டில் சட்டி சட்டியாகத் தயிர் போடுவார். வயது நாற்பத்தாறு. படிக்கிற மகள்மார் இருவர். இவருக்கு எதற்கு ரேஸ் கார் சத்தம்?

என்னை உங்களுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் அரச கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். நல்ல அயலவன் என்றால் என்ன செய்திருப்பான்? நாற்பது அடி நடந்து போய், "தங்கச்சி, சத்தம் கொஞ்சம் கூட" என்று சொல்லியிருப்பான். நான் என்ன செய்தேன்? மோட்டார் வாகனக் காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதினேன். ஐந்து பந்தி, பதிவுத் தபால், பிரதி பொலிசுக்கு.

பத்து நாள் போயிருக்கும். பின்னேரம் வேலிப் படலை திறந்தது. செல்வராணி — கையில் ஒரு சட்டி தயிர்.

"என்னகா ராணி, இந்த நேரத்தில?" என்றாள் என் மனைவி.

"சேரைப் பாக்க வந்தன் அக்கா. பொலிஸ் மறிச்சிட்டாங்க. ஆரைக் கேட்டு இந்தக் குழாயப் பூட்டின எண்டு கேக்காங்க. ரெண்டு கிழமைக்குள்ள அனுமதிக் கடிதம் காட்டணுமாம். இல்லாட்டிக் கழட்டணுமாம். சேர், ஒரு கடிதம் எழுதித் தருவீங்களா?"

ஓய்வுபெற்ற பிறகு நான் எழுதிய கடிதம் ஒன்றுக்கு இவ்வளவு வேகமாக நடவடிக்கை எடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பெருமைப்படுவதா... தயிர்ச் சட்டியைப் பார்த்து வெட்கப்படுவதா?

"கழட்டினா என்ன தங்கச்சி? பால் எடுக்கத்தானே போறீங்க?"

"ஆனை நிக்கும் சேர்."

பிறகு அவர் சொன்னது இது. பழைய பிக்கப் ஓட்டை வண்டி. அது வருவது அரை மைலுக்கு அப்பால் கேட்கும். ஒன்பது வருடம் ஓடினார், ஒரு யானையும் குறுக்கே நின்றதில்லை. அதைக் கொடுத்துவிட்டு வாங்கிய இந்தப் பிக்கப்பில் சத்தமே இல்லை. இரண்டாம் மாதம், பற்றைக்காட்டு முடக்கில் திரும்பினால்... முன் கண்ணாடி முழுக்க யானை! திடுக்கிட்டது இரண்டு பேரும்தான். ஆனால் தும்பிக்கை இருந்தது அதற்கு மட்டும். பொனற்றில் ஓர் அடி. செல்வராணி ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு மணித்தியாலம் சுருண்டு கிடந்திருக்கிறார்.

"அப்ப ஹோர்ன் அடிக்கலாமே?"

"ஹோர்ன் அடிச்சா சண்டைக்கு வாறம் எண்டு நினைக்கும் சேர். ஆனைவெடி போட்டா, ஞாபகம் வச்சிருந்து அடுத்த நாள் கேக்கும். இது விரட்டுறதுக்கு இல்ல. நான் வாறன் எண்டு சொல்றதுக்கு."

"அதுக்கு ஏன் ரெண்டு குழாய்?" — இது என் மனைவி.

"ஒண்டு போட்டா கீச்செண்டு கத்துது அக்கா. ஏறாவூர் கராஜ்கார நானாட்டச் சொன்னன், கத்த வேணாம், உறுமணும் எண்டு. 'தங்கச்சி, ஆனையப் பயங்காட்டவா, மாப்பிள்ளையப் பயங்காட்டவா?' எண்டு கேக்கார் மனிசன்!"

கள ஆய்வு செய்யாமல் நான் பரிந்துரை எழுதியவன் அல்ல. அடுத்த நாள் காலை பிக்கப்பில் ஏறினேன்.

பாலத்தில் போகும்போது வாவி முழுக்க எங்கள் சத்தம். கரையோரத்துத் தோணிகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு முன்னாள் நிர்வாக உத்தியோகத்தர் முன் சீற்றில் தலையைக் குனிந்துகொண்டார்.

வயல் வட்டைகள் முடிந்து பற்றைக்காடு தொடங்கியது. அந்த முடக்குக்கு வெகு முன்பே செல்வராணி நிறுத்தினார். கியரை எடுத்துவிட்டு அக்ஸிலேற்றரை மிதித்தார். ஒன்று... இரண்டு... மூன்று. என் ஆசனம் அதிர்ந்தது. பிறகு மெல்ல உருட்டிக் கொண்டு போய் மறுபடி நிறுத்தினார்.

நின்றது. யானை, வீதியில் பாதி, பற்றையில் பாதி.

காதை ஒருதரம் அடித்தது. எங்கள் பக்கம் பார்த்தது. வாயில் இருந்த கொப்பைத் தின்று முடித்தது. பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும் பிரதம லிகிதர் போல, அவசரமே இல்லாமல் காட்டுக்குள் இறங்கிப் போனது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்.

சேவையில் எத்தனை அறிவித்தல்களில் ஒப்பமிட்டிருப்பேன்! 'இன்ன திகதிக்கு முன் இவ்விடத்தை விட்டு அகலவும்.' ஒருவராவது இப்படி மரியாதையாக அகன்றிருப்பாரா? அந்த இரண்டு குழாய்களும் சத்தம் போடவில்லை ஐயா. முறைப்படி அறிவித்தல் கொடுத்தன.

செல்வராணியின் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

"இன்னும் பழகல்லையா தங்கச்சி?"

"பழகினா செத்துருவன் சேர்."

திரும்பி வரும்போது பாலத்தில் வைத்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. "தங்கச்சி... அந்த முறைப்பாடு..."

"தெரியும் சேர். பொலிசில காட்டினாங்க. 'மேற்குறித்த', 'கீழ்க்குறித்த' எண்டு நம்மட ஒழுங்கையில ஆரு எழுதுற, உங்கள விட்டா?"

"தெரிஞ்சிட்டுத்தானா என்னட்ட வந்தீங்க?"

"முடிச்சுப் போட்டவருக்குத்தானே அவிழ்க்கத் தெரியும்!"

அவிழ்த்தேன். முறைப்பாடு போன அதே காரியாலயத்துக்கு, அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம். யானையைப் பற்றி மட்டும் ஆறு பந்தி. அதன் பிரதியையும் பதிவுத் தபால் துண்டையும் லமினேற் பண்ணி, பிக்கப்பின் முன் கண்ணாடியில் ஒட்டச் சொன்னேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை எந்த உத்தியோகத்தரும் கை வைக்கத் தயங்குவார். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும் — நானே அப்படித் தயங்கியவன்தான்.

பொலிசும் வாசித்தது. "பதில் வரட்டும்" என்று விட்டுவிட்டது.

அதாவது, பதில் வராதவரை செல்வராணிக்குப் பாதுகாப்பு. காலமெல்லாம் தாமதத்தைத் திட்டியவன், 'கடவுளே, அந்தக் கோப்பு எந்த மேசைக்குக் கீழாவது கிடக்கட்டும்' என்று வேண்டத் தொடங்கினேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே நெஞ்சு திக்கென்றது.

கடைசியில் ஒரு பதில் வந்தது. விண்ணப்பத்துக்கு அல்ல, முறைப்பாட்டுக்கு. மேற்படி சத்தம் இன்னமும் தொடர்கிறதா என்பதை முறைப்பாட்டாளர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டுமாம். உறுதிப்படுத்தாவிட்டால் கோப்பு மூடப்படுமாம். பேசாமல் இருந்தாலே போதும்தான்; ஆனால் வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து எழுதினேன்: 'வயது காரணமாக எனது செவிப்புலன் மந்தமடைந்துள்ளது. மேற்குறித்த சத்தம் எதுவும் தற்போது எனக்குக் கேட்பதில்லை.' எழுதும்போது மேசை அதிர்ந்ததில் 'கேட்பதில்லை' மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது.

"இஞ்சாருங்க, காது மந்தமா? எப்ப இருந்து?" என்றாள் மனைவி, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து.

"என்ன?" என்றேன்.

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு கோப்பிலும் நான் பொய் எழுதியதில்லை. இதுதான் முதல். அந்தக் காரியாலயத்தில் யாரும் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்ற துணிவில் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கோப்பு ஒழுங்காக இருக்கட்டும் என்பதற்காக ஒரு குறிப்பு. நான் முறைப்பாடு அனுப்பியது ஓகஸ்ட் மாதம். யானை பதில் சொன்னது மூன்று நிமிடத்தில். காரியாலயத்தின் பதில் கிடைத்த திகதி: மார்ச் 4, புதன்கிழமை.