அறுபத்தொரு முளைகள்

பஸ் மெக்கானிக்கின் இளைய மகளுக்குக் கல்லூரியில் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. ஹானர்ஸ் படிப்பில் மூன்றாம் வருஷம் பேராசிரியரோடு ஆராய்ச்சி செய்ய வகுப்பில் இரண்டே பேருக்குத்தான் இடம். அதில் ஒன்று அவளுக்குக் கிடைத்தபோது அப்பா கிரீஸ் கையைத் துடைக்கக்கூட மறந்து, பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வேலை எளிது. பேராசிரியர் கண்டுபிடித்த கரைசலில் விதையை ஊறவைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கும், ஊறவைக்காவிட்டால் அறுபதுதான். அந்தக் கட்டுரையால்தான் அவர் துறைத் தலைவரானார். அதையே அவள் திரும்பச் செய்துகாட்ட வேண்டும், அவ்வளவுதான். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, கண்ணாடித் தட்டுகளைத் திறந்து, ஈரத்தாள் மேல் முளைத்ததை ஊசியால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள்.

ஊறவைத்ததில் அறுபத்தொன்று. ஊறவைக்காததிலும் அறுபத்தொன்று.

இரண்டுக்கும் ஒரே பழைய மூட்டை விதையை எடுத்து மூன்று தடவை செய்தாள். எண்ணிக்கை அசைந்து கொடுக்கவில்லை. கிடங்கில் பேராசிரியரின் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்று அவர் ஊறவைத்தது அந்த வருஷத்து விதை. ஊறவைக்காமல் விட்டது மூன்று வருஷம் கிடந்த விதை. தொண்ணூறு முளைத்தது விதை புதுசு என்பதால். கரைசலுக்கு அதில் பங்கே இல்லை.

பதிவேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். பேராசிரியர் அதைத் திறக்கவே இல்லை.

"உனக்குக் கை சுத்தம் போதாது. தட்டுல பூஞ்சை வந்திருக்கும்."

"பூஞ்சை இல்ல சார். தேதியைப் பாருங்க, நாலாவது பக்கம்."

"என் வேலையச் சரிபார்க்கவா உன்னை எடுத்தேன்?"

மறுநாளே ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேலை இன்னொரு மாணவனுக்குப் போனது. பத்தே நாளில் அவனுக்குத் தொண்ணூறு வந்துவிட்டது. அவளுடைய மதிப்பீட்டுத் தாளில் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தை.

அப்பா பயந்துபோனார். "பெரிய மனுஷங்ககூட நமக்கெதுக்கும்மா வம்பு? போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. ஒரு வார்த்தைதானே, வாயா தேய்ஞ்சிடப் போகுது?"

போனாள். அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றாள். "நான்தான் தப்பா எண்ணிட்டேன் சார்" என்றாள். அவர் தலை நிமிராமலே, "பார்க்கலாம்" என்றார். ஒன்றையும் பார்க்கவில்லை. ஹானர்ஸ் போய், வெறும் பட்டத்தோடு வெளியே வந்தாள். மேல்படிப்புக்கு விண்ணப்பித்த இடத்திலெல்லாம் 'கவனக்குறைவு' என்ற அந்த ஒரு வார்த்தை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஒரு விதைக் கம்பெனியின் சோதனை அறையில் வேலை. அங்கேயும் முளை எண்ணுவதுதான்.

ஆறு வருஷம் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் தோழி ஒருத்தி போனில் கட்டுரை ஒன்றை அனுப்பினாள். எழுதியவர் அதே பேராசிரியர். தன் பழைய முடிவு தவறு என்று அவரே திருத்தியிருந்தார். அவருடைய நேர்மையைப் பாராட்டிப் பல்கலைக்கழகம் விருதும் கொடுத்திருந்தது. அட்டவணையில் அறுபத்தொன்று, அறுபத்தொன்று. அவள் எண்ணியவை, அவள் தேதி போட்டு எழுதியவை. நன்றியுரையில், 'உதவிய மாணவர்களுக்கு' என்றிருந்தது.

வீட்டில் அதை அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உன் பேரு எங்கம்மா இருக்கு?"

"இல்லப்பா."

"அப்போ நீ எண்ணினது சரிதானா?"

"அன்னைக்கே சரிதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு மெதுவாக, "நான்தான் உன்னை மன்னிப்புக் கேக்க அனுப்பி வச்சேன்" என்றார்.

'பரவால்லப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.