குந்தாணி ராஜா கிணறு

திம்மப்பனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. களி உருண்டையை விழுங்கும்போதே கண் மேட்டுக்காட்டில் இருக்கும். அவனுடைய அந்தப் புன்செய்க் காடு பழைய குந்தாணிக் கோட்டைக்குள் இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஹொய்சள ராஜா ராமநாதன் இங்கே உட்கார்ந்துதான் நாட்டை ஆண்டான். இப்போது அவன் தலைநகரில் கேழ்வரகு விளைகிறது, அதுவும் மழை பெய்தால். ஏர் ஓட்டினால் செங்கல் துண்டு கிளம்பும். கோட்டைக் கல்லை எடுத்து வரப்புக் கட்டாத குடியானவன் அங்கே இல்லை.

மொழிவாரியாக மாநிலம் பிரிக்கப் போகிறார்கள், ஒசூர் மெட்ராஸோடு இருக்குமா, மைசூரோடு போகுமா என்று சந்தையில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த சமயம். திம்மப்பனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மழை பொய்த்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. காட்டில் ஒரு கிணறு தண்ணீர் கண்டால் ஊரில் இருக்கலாம். இல்லாவிட்டால் மனைவி முனிலட்சுமி சொல்வதுபோல் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அவள் அண்ணன் சின்னராஜ் அங்கே மில்லில் இருந்தான். வேலை வாங்கித் தருகிறேன், வாருங்கள் என்று ஆள்மேல் ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தண்ணி இல்லாத எடத்துல எந்த ராஜாவாச்சும் கோட்டை கட்டுவானா?" என்பான் திம்மப்பன். "யானை, குதிரையெல்லாம் எதைக் குடிச்சுதாம்?"

"அதுங்க குடிச்சது இருக்கட்டுங்க. நம்ம மாடுங்க எதைக் குடிக்கும்?" என்பாள் அவள்.

புத்தி அப்படிப் போயிற்று. ஊரில் மற்றவன் பள்ளம் பார்த்துக் கிணறு வெட்டுவான். இவன், ராஜா எங்கே வெட்டியிருப்பான் என்று தேடினான். இங்கே நாலு நாள் தோண்டுவான், அங்கே நாலு நாள் தோண்டுவான். பாறை தட்டியதும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடப்பான். பார்க்கிறவர்களுக்கே கால் வலிக்கும்.

பங்குனி வெயிலில் ஒரு முட்புதரைப் பெயர்க்கும்போது கடப்பாரை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கல்கட்டுக் கிணறு, வாய்வரை மண். எந்தக் காலத்துக் கிணறோ, யார் கண்டது? அவனுக்கு அது ராஜா கிணறு. சந்தோஷத்தில் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புருஷனும் பெண்டாட்டியுமாக மண் வாரினார்கள். அவன் உள்ளே கூடையை நிரப்புவான், அவள் கயிற்றில் இழுப்பாள். சித்திரை முடிந்தது, வைகாசியும் பாதி போயிற்று. உள்ளங்கைத் தோல் உரிந்தும் அவள் முணுமுணுக்கவில்லை. மண் லேசாக ஈரம் கண்டதுபோல் கறுத்து வந்தபோது அவளுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

ஒரு நாள் காலை கூடை நிரம்பவே இல்லை. முனிலட்சுமி எட்டிப் பார்த்தாள். கீழே அவன் பாறையைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். கல்கட்டு முடிந்த இடத்திலிருந்து பாறை முழுக்க உளித்தடம். ஒரு மூலையில் வெட்டியிருந்தார்கள், விட்டுவிட்டு அடுத்த மூலையில் இன்னும் ஆழமாக வெட்டியிருந்தார்கள், அதையும் விட்டிருந்தார்கள். கடைசிக் குழியில் ஓர் ஆள்தான் நுழையலாம். அதன் அடியில் பாறை உலர்ந்து கிடந்தது.

அவன் மேலே ஏறி வந்தான். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அவங்களும் நம்மளாட்டமே தேடியிருக்காங்க" என்றான். "கெடைக்கல."

ராஜாவின் ஆட்கள் ஊரைவிட்டுப் போனது எதனால் என்று படித்தவர்கள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். திம்மப்பனுக்கு இந்த ஒன்று போதுமாக இருந்தது.

"உங்கண்ணன் எப்ப வரச் சொன்னாரு?" என்று கேட்டான்.

இரண்டு வருஷமாக அவள் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.